வாடகை வீடா? முதல்ல மீட்டரைப் பாருங்க, அப்புறம் அட்வான்ஸ் கொடுங்க!



பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாசம் வந்தா பழவேற்காடு - பொன்னேரி சாலையில ஒரு காட்சியை நீங்களும் பார்த்திருப்பீங்க. குட்டியானை வண்டியில ஒரு கட்டில், ஒரு பீரோ, அடுப்பு, குடம், மேலே கயிறு கட்டி ஒரு சைக்கிள். குப்பத்துல இருந்து ஒரு குடும்பம் பொன்னேரிக்கோ, மீஞ்சூருக்கோ, அத்திப்பட்டுக்கோ, எண்ணூருக்கோ வாடகைக்குப் போகுது.

ஏன் போறாங்கன்னு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முகத்துவாரம் மணல் மூடினா ஏரியில மீன் வரத்து குறையுது. துறைமுகத்துலயும் அனல்மின் நிலையத்துலயும் ஒப்பந்த வேலை கிடைச்சா, கும்மிடிப்பூண்டி ரயில் பாதையை ஒட்டி ஒரு வீடு தேவைப்படுது. பிள்ளை பன்னிரண்டாவது முடிச்சு கல்லூரிக்குப் போகணும்னா, தினமும் இங்கிருந்து போய் வர்றது கஷ்டம். ஊரை விட்டுப் போறது யாருக்கும் ஆசை இல்லை. ஆனாலும் போறாங்க.

போகிற இடத்துல நம்ம மக்கள் எப்படி ஏமாறுறாங்க, ஏமாறாம இருக்க என்ன செய்யணும், அரசாங்கம் என்ன செய்யணும் என்பதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம்தான். பொறுமையா படிங்க, வீடு தேடிக்கிட்டு இருக்கிற ஒருத்தருக்காவது அனுப்புங்க.

🔹 பாடு தெரிஞ்சவங்களுக்கு இது புதுசு இல்லை

பழவேற்காடு ஏரியில 'பாடு' முறை பல தலைமுறையா இருக்கு. எந்த இடத்துல, எந்த நாள்ல, யார் வலை கட்டுறதுன்னு ஊர் கூடி, சீட்டுப் போட்டு முன்கூட்டியே முடிவு பண்ணிடுவாங்க. தண்ணியில இறங்கின பிறகு சண்டை போடக் கூடாதுன்னு, கரையிலேயே பேசி முடிக்கிற ஏற்பாடு அது. அந்த உரிமை எல்லாச் சமூகத்துக்கும் கிடைச்சுதா என்பது தனியாகப் பேச வேண்டிய கேள்வி. அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனா 'இறங்குறதுக்கு முன்னாடி பேசி முடி' என்கிற புத்தி நம்ம மண்ணுல ஊறினது.

அதே நாம, வாடகை வீடு பார்க்கப் போனா என்ன செய்யுறோம்? புரோக்கர் கூட்டிட்டுப் போறார். வீட்டுக்காரம்மா கதவைத் திறந்து காட்டுறாங்க. "கரண்டு யூனிட்டுக்கு எட்டு ரூபா, தண்ணி இருக்கு, அட்வான்ஸ் இவ்வளவு" என்று மூணு வரி சொல்றாங்க. நாமும் தலையாட்டிட்டு, வட்டிக்கு வாங்கின பணத்தை எண்ணிக் கொடுத்துட்டு, நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சிடுறோம். சண்டை எல்லாம் அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது. அந்த மூணு வரிக்குள்ள என்னென்ன இருக்குன்னு ஒவ்வொண்ணா பார்ப்போம்.

🔹 முதல் கேள்வி: "எங்க போர்ஷனுக்குத் தனி மீட்டர் இருக்கா?"

தமிழ்நாட்டுல வீட்டு மின் இணைப்புக்கு 2 மாசத்துக்கு 100 யூனிட் இலவசம். 2016-ல இருந்து நடைமுறையில இருக்கு. இது வீட்டுக்காரருக்கான சலுகை இல்லை. அந்த இணைப்புல விளக்கு ஏத்துகிற குடும்பத்துக்கான சலுகை. வாடகைக்கு இருந்தாலும் உங்களுக்கு உண்டு.

கணக்கைப் பாருங்க. 2 மாசத்துக்கு 200 யூனிட் ஓடுதுன்னு வைங்க. ரெண்டு மின்விசிறி, டிவி, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் இருக்கிற வீடு. 2024 ஜூலை கட்டணப்படி உங்க பேருல தனி மீட்டர் இருந்தா பில் 235 ரூபா. அதே 200 யூனிட்டுக்கு வீட்டுக்காரர் எட்டு ரூபா கணக்குப் போட்டா 1,600 ரூபா. வித்தியாசம் 1,365 ரூபா. வருஷத்துக்கு ஆறு பில். மொத்தம் 8,190 ரூபா!

மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அதுக்கு அரசு கொடுக்கிற நிவாரணம் 8,000 ரூபா. அந்த நிவாரணத்தை வலது கையில வாங்கி, இடது கையில கரண்டு பில்லாக் கொடுத்துட்டு நிக்கிறோம். இதை யார் கேட்கிறது?

வீட்டுக்காரரை மட்டும் திட்டியும் பயன் இல்லை. அவர் பக்கத்துக் கணக்கையும் பார்க்கணும். மூணு போர்ஷனுக்கும் சேர்த்து ஒரே மீட்டர்னு வைங்க. ஒவ்வொரு குடும்பமும் 200 யூனிட் எரிச்சா மொத்தம் 600. நம்ம கட்டணம் படிப்படியா ஏறுகிற கட்டணம். 500 யூனிட்டைத் தாண்டினதும் மானியம் குறைஞ்சு, மேல் படிக்கான ரேட்டும் சேர்ந்துடும். அவருக்கு வர்ற பில் ஏறக்குறைய 2,900 ரூபா. தனித்தனி மீட்டரா இருந்தா மூணு குடும்பத்துக்கும் சேர்த்தே 705 ரூபாதான். அதாவது ஒரே மீட்டரால எல்லாருக்கும் நஷ்டம். மூணு குடும்பத்துக்கு வர வேண்டிய இலவச யூனிட்ல ரெண்டு குடும்பத்தோடது காணாமப் போகுது. இருந்தாலும் அந்த 2,900-ஐ 600-ஆல வகுத்துப் பாருங்க. யூனிட்டுக்கு அஞ்சு ரூபாகூட வரலை. அப்ப எட்டு ரூபா எங்கிருந்து வந்துச்சு?

அதனால, அட்வான்ஸ் கொடுக்கும் முன்னாடி இந்த நாலையும் செய்யுங்க:

👉 மீட்டரை நேர்ல பாருங்க. உங்க போர்ஷன் மெயின் சுவிட்சை அணைச்சா அந்த மீட்டர் நிக்குதான்னு சோதிங்க. பக்கத்து வீட்டு மோட்டாரோ, மாடிப்படி லைட்டோ உங்க மீட்டர்ல ஓடக் கூடாது.

👉 சர்வீஸ் நம்பரைக் குறிச்சுக்கோங்க. முன்னாடி இருந்தவங்க பாக்கி வச்சிருக்காங்களான்னு அந்த நம்பரை வச்சே பார்த்துடலாம். பாக்கியை யார் கட்டுறதுன்னு அப்பவே பேசுங்க.

👉 குடி போகிற அன்னிக்கு மீட்டர் ரீடிங்கை போன்ல படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்பி வைங்க.

👉 தனி மீட்டர் இல்லைன்னா, போட்டுத் தரச் சொல்லிக் கேளுங்க. தனித்தனிப் பகுதி, தனித்தனி வயரிங் இருந்தா தனித்தனி இணைப்பு கேட்க வழி இருக்கு.

"வாடகைக்காரங்க போய்க் கேட்டா இபி-ல கொடுப்பாங்களா?" என்று கேட்பீங்க. 2003-ம் வருஷத்து மின்சாரச் சட்டத்தின் 43-வது பிரிவு, ஒரு இடத்தின் உரிமையாளர் கேட்டாலும் சரி, அங்கே குடியிருப்பவர் கேட்டாலும் சரி, மின் இணைப்பு கொடுக்கணும்னு சொல்லுது. தமிழ்நாட்டு விதிப்படி குடியிருப்பவர் கேட்டா உரிமையாளரோட சம்மதக் கடிதம் வேணும். அவர் தர மறுத்தா, நீங்க சட்டப்படி குடியிருக்கிறதுக்கு ஆதாரம் காட்டி, உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கொடுத்து, ரெண்டு மடங்கு வைப்புத்தொகை கட்டி வாங்கலாம். வழி குறுகலா இருக்கு. ஆனா அடைச்சு வைக்கலை.

பல வீட்டுக்காரர்களுக்கு இன்னொரு பயம். மீட்டர் வாடகைக்காரர் பேருக்குப் போனா வீடும் போயிடுமோன்னு! 2022 நவம்பர்ல மின் இணைப்போட ஆதாரை இணைக்கச் சொன்னப்ப இந்தப் பயம் ஊர் ஊராப் பரவுச்சு. கரண்டு பில் வீட்டுப் பத்திரம் ஆகாது. இதை உங்க வீட்டுக்காரருக்கு அமைதியா எடுத்துச் சொல்லுங்க. மின்சாரம் சம்பந்தமா எந்தப் புகாரா இருந்தாலும் மின்னகம் எண் 94987 94987. ராத்திரி பகல் எப்ப வேணும்னாலும் கூப்பிடலாம்.

🔹 இரண்டாவது: தண்ணி

"தண்ணி இருக்கு" என்று சொன்னா நம்பிடாதீங்க. எந்தத் தண்ணி? மீஞ்சூர் வட்டாரத்துல நிலத்தடி நீருக்குள்ள கடல்நீர் புகுந்தது இன்னிக்கு நேத்து நடந்தது இல்லை. 1960-களோட கடைசியிலேயே கண்டுபிடிச்சுட்டாங்க. போர் தண்ணியை ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. குழாய் வாயில வெள்ளைப் படிவு இருக்கான்னு பாருங்க. உப்புத் தண்ணின்னா குடிக்கவும் சமைக்கவும் கேன் வாங்கணும். மாசம் எத்தனை கேன்? அதையும் வாடகையோட சேர்த்துக் கூட்டினாத்தான் உண்மையான வாடகை தெரியும்.

பஞ்சாயத்து அல்லது நகராட்சிக் குழாய் இருக்கா, எத்தனை நாளுக்கு ஒரு முறை விடுறாங்க, மோட்டார் போடுறது யார் பொறுப்பு, செப்டிக் டேங்க் நிரம்பினா லாரிக்கு யார் காசு கொடுக்கிறது, எல்லாத்தையும் கேளுங்க. வாய் கூச வேண்டாம். இன்னொரு கேள்வியும் முக்கியம். அதை வீட்டுக்காரர்கிட்ட கேட்காம எதிர் வீட்டுப் பாட்டிகிட்ட கேளுங்க: "2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்ப இங்க தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு பாட்டி?" சுவத்துல கோடு காட்டுவாங்க.

இங்க ஒரு விஷயத்தைச் சொல்லாம போக முடியாது. காட்டுப்பள்ளிக் கடற்கரையில 2010-ல இருந்து கடல்நீரைக் குடிநீராக்குற ஆலை ஓடுது. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவு. அந்தத் தண்ணி சென்னைக்குப் போகுது. போகட்டும், சென்னை மக்களும் நம்ம மக்கள்தான். ஆனா அந்த ஆலைக்குப் பக்கத்து ஊர்கள்ல வாடகைக்கு இருக்கிற நம்ம அக்கா தங்கச்சிகள் கேன் தண்ணிக்குக் காசு எண்ணுறது என்ன நியாயம்?

🔹 மூன்றாவது: அடுப்பு

சிலிண்டரைத் தூக்கி வண்டியில போட்டுட்டுப் போறதுக்கு முன்னாடி, இப்ப வாங்குற கேஸ் ஏஜென்சிக்கு ஒரு நடை போங்க. புது முகவரிக்கு அதே ஏஜென்சி கொண்டு வந்து போடுமா, இல்லை வேற ஏஜென்சிக்கு மாத்தணுமான்னு கேளுங்க. மாத்தணும்னா அதுக்கான சீட்டை வாங்கிட்டுப் போங்க. அது இல்லாம போனா, புது ஊர்ல சிலிண்டர் பதிவு பண்ண முடியாம அலைய வேண்டி வரும்.

தனியாப் போய்த் தங்கி வேலை பார்க்கிற தம்பிகளுக்கு 5 கிலோ சிலிண்டர் இருக்கு. அதை வாங்க அடையாள அட்டை போதும், முகவரிச் சான்று கேட்க மாட்டாங்க. இலவச இணைப்புக்கான உஜ்வாலா திட்டத்துலயும், 2021 ஆகஸ்ட்ல இருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள் முகவரிக்குச் சுய உறுதிமொழி கொடுத்தா போதும்னு வந்திருக்கு. இது தெரியாததால எத்தனை பேர் இன்னும் கள்ளச் சந்தையில கேஸ் நிரப்பிக்கிட்டு உயிரைப் பணயம் வைக்கிறாங்க! கேஸ் கசிவுன்னா உடனே 1906-க்கு அடிங்க.

🔹 நான்காவது: ரேஷன், ஓட்டு, நிவாரணம்

வீடு மாறினதும் ரேஷன் அட்டையை அவசரமா மாத்த ஓட வேண்டாம். 2020 அக்டோபர்ல இருந்து நம்ம அட்டையை வச்சு தமிழ்நாட்டுல எந்தக் கடையிலயும் கைரேகை வச்சுப் பொருள் வாங்கலாம். "உங்க அட்டை இந்தக் கடைக்கு இல்லை" என்று திருப்பி அனுப்பினா, அங்கேயே நின்னு கேளுங்க.

தடைக்கால நிவாரணமும் மீனவர் நலத் திட்டங்களும் வாங்குற குடும்பங்கள் ஒண்ணு கவனிக்கணும். அட்டையில முகவரியை மாத்துறதுக்கு முன்னாடி, உங்க மீனவர் கூட்டுறவு சங்கத்துலயும் மீன்வளத் துறை அலுவலகத்துலயும் கேட்டுட்டு அப்புறம் மாத்துங்க. பிள்ளை படிப்புக்காக மூணு வருஷம் வெளியில இருக்கிற குடும்பம், கடல்ல இறங்குற குடும்பமாத்தான் இருக்கு. முகவரி மாறினா தொழில் மாறிடாது.

நிரந்தரமாவே இடம் மாறிட்டீங்கன்னா வாக்காளர் பட்டியல்ல மாத்துறதுக்கு படிவம் 8. புதுசாப் பெயர் சேர்க்கிறவங்களுக்குத்தான் படிவம் 6. யாருக்கு வேணும்னாலும் ஓட்டுப் போடுங்க, அது உங்க உரிமை. ஆனா ஓட்டே இல்லாம ஆகிடாதீங்க. ஓட்டு இல்லாத தெருவுல குழாயும் வராது.

🔹 ஐந்தாவது: எழுதி வாங்குங்க

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் ஒரு தாள்ல வரணும். தமிழ்நாட்டுல வாடகைக்குன்னு புதுச் சட்டம் 2017-ல போட்டு, 2019 பிப்ரவரி 22-ல இருந்து அமல்ல இருக்கு. அதோட 1960-ம் வருஷத்துப் பழைய சட்டம் போயிடுச்சு. இந்தச் சட்டம் என்ன சொல்லுது?

✅ வாடகை ஒப்பந்தம் எழுத்துல இருக்கணும், வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யணும்.

✅ ஒப்பந்தத்துல வேற மாதிரி ஒத்துக்கிட்டா ஒழிய, அட்வான்ஸ் 3 மாச வாடகைக்கு மேல கேட்கக் கூடாது. 10 மாச அட்வான்ஸ் என்பது வெறும் வழக்கம், சட்டம் இல்லை.

✅ காலி பண்ணினா, உங்க பாக்கியைக் கழிச்சுக்கிட்டு, ஒரு மாசத்துக்குள்ள அட்வான்ஸைத் திருப்பித் தரணும்.

✅ தகுந்த காரணம் இல்லாம தண்ணி, மின்சாரம் மாதிரி அத்தியாவசிய வசதியை வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது. வாடகைத் தகராறு இருந்தாலும் ஃபியூஸைப் பிடுங்குறதோ, வால்வை அடைக்கிறதோ தப்பு.

ஒப்பந்தத்துல வாடகை மட்டும் எழுதி முடிச்சுடாதீங்க. கரண்டு எப்படிக் கணக்கு, தண்ணிக்கு எவ்வளவு, மோட்டார் பழுதானா யார் செலவு, நுழைஞ்ச அன்னிக்கு மீட்டர் ரீடிங் என்ன, அட்வான்ஸ் எவ்வளவு, எல்லாம் வரட்டும். அட்வான்ஸை முடிஞ்சவரை வங்கி மூலமாவோ போன் மூலமாவோ அனுப்புங்க. கையில கொடுத்தா ரசீது வாங்குங்க. அந்த ஒப்பந்தத் தாள் இபி-லயும், வாக்காளர் பட்டியல்லயும், கேஸ் ஏஜென்சியிலயும் உங்களுக்கு முகவரி. தாள் இல்லாதவங்களை எந்த அலுவலகமும் மனுஷனா மதிக்கிறது இல்லை. அது மாறணும். மாறுற வரைக்கும் தாளைக் கையில வைங்க.

🔹 "மீன் சமைப்பீங்களா?"

வீடு தேடிப் போறவங்க கிட்ட கேட்கப்படுற கேள்வி இது. ஊர் பேரைச் சொன்னதும் முகம் மாறும். "சைவம் மட்டும்" என்று போர்டு இருக்கும். போர்டு இல்லாத இடத்துல "இப்பதான் வேற ஆளுக்குப் பேசிட்டோம்" என்று பதில் வரும். கல்யாண வீட்டுல இறால் தொக்கு வேணும். ஞாயித்துக்கிழமை மடவைக் குழம்பு வேணும். அதைப் பிடிச்சுக் கொடுத்தவனுக்கு மட்டும் வீடு வேண்டாமா?

இந்தக் கேள்வியாலதான் நம்ம மக்கள் மத்ததைக் கேட்கவே பயப்படுறாங்க. "வீடு கிடைச்சதே பெரிசு, இதுல மீட்டர் வேற கேட்கணுமா?" என்று வாயை மூடிக்கிறாங்க. எட்டு ரூபா யூனிட்டுக்குப் பின்னால இருக்கிறது அந்தக் கூச்சம்தான். கூசாதீங்க. வாடகை கொடுக்கிறீங்க. யாரும் உங்களுக்கு இனாமா இடம் கொடுக்கலை.

🔹 நாம கேட்கிறது என்ன?

தனி ஆள் கேட்டா வீடு போயிடுமோன்னு பயம். அதனால அரசாங்கம்தான் முன்னால வரணும்.

1️⃣ பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர்ல வருஷா வருஷம் ஜூன் மாசத்துக்கு முன்னாடி வாடகை ஒப்பந்தப் பதிவு முகாம் நடத்தணும். பழவேற்காட்டுலயும் ஒரு நாள் வந்து விளக்கணும். எளிய தமிழ்ல ஒரே பக்கத்துல ஒப்பந்தப் படிவம் கொடுக்கணும்.

2️⃣ வாடகைக் குடும்பம் குடியிருக்கிற ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி மீட்டர் கிடைக்க வழியை எளிதாக்கணும். குடியிருப்பவர் தனியாக் கேட்டா ரெண்டு மடங்கு வைப்புத்தொகை என்கிற விதியை, ஏழைக் குடும்பங்களுக்காவது தளர்த்தணும்.

3️⃣ ஒரே மீட்டர்ல பல குடும்பம் இருக்கிற இடத்துல, வீட்டுக்காரர் வாங்கக் கூடிய அதிகபட்ச யூனிட் ரேட்டை அரசே அறிவிக்கணும். வந்த பில்லைப் பங்கு போட்டு வாங்கட்டும். அதுக்கு மேல ஒரு ரூபாகூட வேண்டாம்.

4️⃣ காட்டுப்பள்ளிக் குடிநீர்ல சுத்துவட்டாரக் கிராமங்களுக்கும் பங்கு வேணும்.

5️⃣ படிப்புக்காகவும் வேலைக்காகவும் வெளியில தங்குற மீனவக் குடும்பங்களோட நிவாரணமும் நலத் திட்டங்களும் முகவரி மாறினதால நின்னு போகாதுன்னு தெளிவான உத்தரவு வேணும்.

இதுல எதுவும் கஜானாவைக் காலி பண்ணுற கோரிக்கை இல்லை. பாதி ஏற்கெனவே சட்டத்துல இருக்கு. சட்டப் புத்தகத்துல இருக்கிறதை மீட்டர் பெட்டி வரைக்கும் கொண்டு வந்து சேர்க்கச் சொல்றோம், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள்ல நிறைய பேர் கடன் வாங்கிக் கட்டின வீட்டோட வாடகையை நம்பித்தான் வாழுறீங்க. தனி மீட்டர் போட்டா உங்களுக்கும் பில் பாரம் குறையும், எழுதி வாங்கினா உங்க வீட்டுக்கும் பாதுகாப்பு. நல்ல வாடகைக்காரர் நாலு வருஷம் இருப்பார். ஏமாத்தப்பட்டவர் நாலாம் மாசமே காலி பண்ணுவார்.

இந்த ஜூன்ல வண்டி ஏத்தப் போற சொந்தங்களே, சாமான் கட்டுறதுக்கு ஒரு வாரம் முன்னாடி ஒரு நாள் ஒதுக்குங்க. மீட்டர், தண்ணி, கேஸ், அட்டை, ஒப்பந்தம். இந்த அஞ்சையும் முடிச்சுட்டு அப்புறம் பால் காய்ச்சுங்க.

உங்க ஏரியாவுல யூனிட்டுக்கு எவ்வளவு வாங்குறாங்க? கீழே எழுதுங்க. யார் பேரும் வேண்டாம், ஊரும் ரேட்டும் போதும். எல்லாத்தையும் தொகுத்து அதிகாரிகள் பார்வைக்குக் கொண்டு போவோம்.

#தனி_மீட்டர்_நம்_உரிமை
#எழுதி_வாங்குவோம்